சிலுவையடியில் கழற்றிய சப்பாத்து

நாங்கள் சுவிஸுக்கு வந்த புதிதில் மாமா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். எங்கள் வீட்டில் மற்றவர்களுக்கு இங்கே தங்க அனுமதி கிடைத்துவிட்டது. மாமாவின் அகதி வழக்குக்கு மட்டும் முடிவு வரவில்லை. அந்தக் கதை எழுந்தால் என்னை வெளியே விளையாட அனுப்பிவிடுவார்கள்.

உணவகத்துச் சமையலறை யன்னலால் ஒரு வெள்ளைச் சிகரம் தெரியும். மாமா அதில் ஏறிக் கும்பிடுவதாக நேர்த்தி வைத்தார். மலை என்று ஒன்று இருந்தால் உச்சியில் முருகன் இருப்பார் என்பது அவருடைய கணக்கு. முதலாளிக்கு நேர்த்தியைப் பற்றித் தெரியாது. மாமாவுக்கு மலையேற ஆசை வந்துவிட்டது என்று மகிழ்ந்து, தன்னுடைய பழைய மலைச் சப்பாத்துகளைக் கொடுத்துத் தானும் கூடவே வந்தார். இருவருக்கும் இடையில் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப் போனார்கள்.

மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். கடைசிப் பகுதியில் இரும்புக் கம்பியைப் பிடித்துத்தான் ஏறவேண்டும். மாமா மூச்சு வாங்கியபடி, “இவ்வளவு சுண்ணாம்புக்கும் வெத்திலைக்கு எங்கையடா போறது?” என்றார். அதை முதலாளிக்குச் சொல்ல என் ஜெர்மன் போதவில்லை.

உச்சியில் ஒரு மரச் சிலுவை நின்றது. அதைக் கண்டதும் மாமா சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பினார். ஒன்று மெல்லச் சாய்ந்தது. பிறகு பாறைக்குப் பாறை தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் போய்விட்டது.

ஏன் கழற்றினான் என்று கேட்கச் சொன்னார் முதலாளி.

“கோயிலுக்கை சப்பாத்தோட நிக்கிறதோ எண்டு அவரிட்டைக் கேள்.”

“இது முருகன் இல்லை மாமா, சிலுவை.”

“ஆராயிருந்தா என்ன, மேலை இருக்கிறவர்தானே. பேசாமல் கும்பிடு.”

நான் சொன்னதைக் கேட்டு முதலாளி பள்ளத்தைப் பார்த்தார். பிறகு தன் கம்பளித் தொப்பியைக் கழற்றினார். சிலுவைக்காக என்று நினைத்தேன். அவர் அதை மாமாவின் காலில் மாட்டிக் கயிற்றால் இறுகக் கட்டினார். இறங்கும்போது எதிரே ஏறி வந்தவர்கள் எங்களுக்கு வணக்கம் சொன்னார்கள். ஒருவராவது அந்தக் காலைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மாமாவோ சிரித்துக்கொண்டே நொண்டினார்.

“சப்பாத்துக் கிடைக்கேல்லை. பிறகேன் மாமா சிரிக்கிறியள்?”

“நான் அதைக் கேக்கேல்லையடா. இந்த நாட்டிலை இருக்க விடச் சொல்லித்தான் கேட்டனான்.”

எனக்குக் கோபம் வந்தது. மாமா எங்கள் வீட்டில்தான் இருக்கிறார், நாள் தவறாமல் வேலைக்கும் போகிறார். ஏற்கெனவே இருக்கிற ஆள் இருக்க விடச் சொல்லிக் கேட்டு, அவ்வளவு தூரம் ஏறிப் பெற்ற வரத்தை வீணாக்கிவிட்டார். நானென்றால் சப்பாத்தைக் கேட்டிருப்பேன்.