ஏணி

ஈப்போவில் வருடக் கடைசி மழைக்காலம் தொடங்குவதற்குள் பின்கட்டுத் தகரக் கூரையைச் சரிசெய்ய என் கணவர் மேலே ஏறியிருக்கிறார். சுத்தியல் விழும் ஒவ்வொரு அடிக்கும் என் தோள் தானாகக் குறுகுகிறது.

நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலும் மழைக்கு முன் அப்பா இப்படி ஏறுவார், சாராய வாடையோடு. பழைய சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டி ஆணியில் கோர்த்துக் கொடுப்பது அம்மாவின் வேலை. அது இல்லாவிட்டால் ஆணித் துளையில் தண்ணீர் ஒழுகும். ஒரு வருடம் ஓர் ஆணி மட்டும் டியூப் இல்லாமல் மேலே போய்விட்டது. அப்பா இறங்கி வந்தார். சுத்தியலை அம்மாவின் மணிக்கட்டில் இறக்கினார். காய்ந்த ரப்பர் விறகு ஒடிவதுபோல் கேட்டது. மீதி வேலையை முடிக்க மறுபடியும் மேலே ஏறினார்.

அம்மா உடைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் ஏணியைக் கீழே தள்ளினாள். இடி இறங்கியது. மழை தகரத்தை அறைந்தது.

"ஏணிய வைடி, கொன்னுருவேன்!"

"மொதல்ல எறங்குங்க. அப்புறம் கொல்லலாம்."

லயமே கதவைத் திறந்து பார்த்தது. யாரும் ஏணியைத் தொடவில்லை. அப்பா மின்னலுக்கடியில் தகரத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்தார். அவர் கதறி அழுத பிறகுதான் அம்மா ஏணியை நிமிர்த்தினாள்.

"ஆணிய சீக்கிரம் குடுலா, கண்ணு தெரியலையா ஒனக்கு?" மேலேயிருந்து கணவர் கத்துகிறார்.

என் பக்கத்தில் நாற்காலியில் இருந்த அம்மா எழுந்து, வளைந்துபோன அந்தக் கையை ஏணியின் மேல் வைக்கிறாள்.

"மெதுவா பேசுங்க மாப்ள. ஏணி கீழதான் இருக்கு."