ஆள் பேரில் கோப்பு வைத்த செல்வம்

அன்று காலை செல்வத்தைத் திட்டுவதற்காகத்தான் போன் எடுத்தேன். சுற்றுலாப் பயணிகள் தங்கும் கந்தப்பளை பங்களாவின் சுவரில் அவன் மாட்டிய தொடுதிரை வெறுமையாகிவிட்டது. விளக்கு, ஹீட்டர், கேட் எதுவும் அதிலிருந்து இயங்கவில்லை. முந்தின நாள் புது ஹீட்டரைச் சேர்க்கிறேன் என்று போனவன், திரையை இயக்கும் கோப்பில் ஒரு வரியைப் பாதி எழுதிச் சேமித்துவிட்டு வந்திருந்தான். போனில் பேசியது அவன் தம்பி. "அண்ணன் போயிட்டாங்க நானா. விடியக்காலையில நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றான்.

செல்வம் ஹட்டனில் என் மின்சாதனக் கடையில் பல வருடம் வேலை பார்த்தவன். என்னை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவான். உங்களில் பலர் வீட்டுக்கும் அவன்தான் வந்து வயர் இழுத்திருப்பான். பொகவந்தலாவை தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, வீட்டு மின்சாரத்தையெல்லாம் ஒரே திரையில் கொண்டுவரும் வேலையைத் தானாகக் கற்றுக்கொண்டான். வேலை சுத்தம். அந்தத் திரைக்கான கோப்புகளை அடுக்குவதில் மட்டும் எங்களுக்குள் ஓயாத சண்டை.

அறைவாரியாக வை என்பேன். அவன் ஆள்வாரியாக வைப்பான். கந்தப்பளை பங்களாவில் சமையல்கார மீனாக்கா பேரில் ஒரு கோப்பு. சமையலறை விளக்கு, பின்கதவு, எல்லா அறைகளின் சுடுதண்ணீரும் அதில். காவல்காரர் பேரில் இன்னொன்று. ஒரே வராந்தா விளக்கு மூன்று பேர் கோப்பில் இருக்கும். காவல்காரர் வேலையை விட்டுக் கொழும்புக்குப் போன பிறகும் கேட் அவர் பேரிலேயே திறந்தது. ஏனடா என்றால், "தோட்டத்துல காலைப் பெரட்டுல கூடுற ஆளத்தானே நானா பேர் சொல்லி மலைக்கு வேலைக்கு அனுப்புறாங்க? மலைய யாரு கூப்பிடுறாங்க?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடக்கம் முடிந்த மறுநாள் பங்களாவுக்குப் போனேன். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிவிடச் சொன்னார் பங்களா முதலாளி. செல்வம் தனியாகச் செய்து முடித்த பெரிய வேலை அது ஒன்றுதான். அது குப்பைக்குப் போவதை நான் விடுவதாக இல்லை. அவன் அடுக்கை முழுக்கக் கலைத்து, அறைவாரியாக எழுதினேன். திரை வேலை செய்தது. பார்க்கவும் அழகாக இருந்தது.

அடுத்த நாள் காலையிலேயே மீனாக்கா போன் செய்தார். "சுடுதண்ணி எங்கங்க இருக்கு? முன்ன என் பக்கத்தத் தொட்டா எல்லா ரூமுக்கும் போட்டுறலாம். இப்ப ஒவ்வொரு ரூமா தேடுறேன். வெள்ளக்காரங்க பச்சத் தண்ணியில குளிச்சிட்டு மொறைக்கிறாங்க." கந்தப்பளைக் குளிரில் முறைக்காமல் என்ன செய்வார்கள்? முதலாளி உடனே கழற்றச் சொன்னார். கெஞ்சி ஒரு நாள் வாங்கினேன்.

பழைய கோப்புகளின் பிரதி என்னிடம் இருந்தது. செல்வம் பாதியில் விட்ட வரியை மட்டும் முடித்து, அவன் வைத்த மாதிரியே திருப்பி வைத்தேன். மீனாக்கா தன் பக்கத்தைத் தொட்டார். எல்லா அறைக்கும் சுடுதண்ணீர் வந்தது. முதலாளி கழற்றும் பேச்சை விட்டுவிட்டார்.

ஆனாலும் சொல்கிறேன், அறைவாரியாக வைப்பதுதான் சரி. நாளைக்கு வேறொருவர் வந்து திறந்தால் இதில் ஒன்றும் விளங்காது. செல்வத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோப்புகளும், முடியாத இந்தச் சண்டையும்தான். அவற்றைத் திறக்கும்போதெல்லாம் கடையில் யார் இருந்தாலும் வாய்விட்டே அவனைத் திட்டுகிறேன். எதிர்த்துப் பேச அவன் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.