முகஜோசியர் போட்ட காரம்

எங்கள் தெருமுனையில் சோளக்கதிர் சுட்டு விற்பவருக்கு அவரைப் பெற்றவர்கள் ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதை யாரும் விசாரித்ததில்லை. தெருவே அவரை முகஜோசியர் என்றுதான் கூப்பிட்டது. கேலிக்கு வைத்த பெயரை அவர் யாரோ மேடையேற்றிக் கொடுத்த பட்டம்போல் வாங்கி வைத்துக்கொண்டார்.

கதிருக்கு எவ்வளவு காரம் வேண்டும் என்று அவர் எவரிடமும் கேட்கமாட்டார். வண்டி முன்னால் வந்து நிற்பவரின் முகத்தை ஒரு நொடி பார்ப்பார். பிறகு பாதி எலுமிச்சம்பழத்தை எடுத்து, நான்கு டப்பாக்களில் ஒன்றில் தோய்த்து, சுட்ட கதிரின் மேல் அழுத்தித் தேய்த்துக் கொடுப்பார். முதல் டப்பாவில் வெறும் உப்பு. இரண்டாவதில் உப்பும் மிளகுத்தூளும். மூன்றாவதில் வறுத்த சீரகத்தோடு சேர்த்து இடித்த மிளகாய்த்தூள். நான்காவதில் பச்சை மிளகாயும் பூண்டும் வைத்து அரைத்த விழுது. அதன் மூடியைத் திறந்தாலே பக்கத்துக் கடைக்காரன் தும்முவான். அந்தக் கடைக்காரன் நான்தான், பூட்டுக்கு மாற்றுச் சாவி போடுகிறவன்.

பதினொரு வருடமாக எனக்கு முதல் டப்பாதான். வீட்டில் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிடுகிற ஆள் நான். ஆனால் என் முகத்தில் வயிற்றுப்புண் எழுதியிருக்கிறதாம். "தம்பி, உங்க மூஞ்சிக்கு உப்பே ஜாஸ்தி" என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ரோஷத்தில் திறக்கவில்லை. அப்புறம் திறக்க வெட்கமாக இருந்தது. மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு உப்புக் கதிர் தின்றேன்.

அவர் கணிப்பு தப்பியதே இல்லை. தப்பை ஒப்புக்கொள்ளும் வழக்கம் அந்த வண்டியில் கிடையாது, அவ்வளவுதான். காரம் தாங்காமல் ஒருவர் துள்ளிக் குதித்தால், "உங்களுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல போலிருக்கு" என்பார். காரம் போதவில்லை என்று ஒருவர் முனகினால், "நாக்கு செத்துப்போச்சு, டாக்டரைப் பாருங்க" என்பார். இப்படி ஒரு சாஸ்திரம் எனக்குக் கைவந்திருந்தால் நான் ஏன் உட்கார்ந்து இரும்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்?

அவருடைய விளம்பரப் பலகை அவர் மனைவி. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வண்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கதிரின் தோலை உரிப்பார், நாரைப் பிடுங்குவார். சாயங்காலம் கூட்டம் சேர்ந்ததும் முகஜோசியர் நான்காவது டப்பாவை அள்ளி ஒரு கதிரில் அப்பி அவரிடம் நீட்டுவார்.

"பாருங்க, எங்க வீட்டம்மா. நெருப்பைக் குடுத்தாலும் மென்னு முழுங்கிடுவா. பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே அவ மூஞ்சியில படிச்சிட்டேன்."

அண்ணி அதை வேகவேகமாகத் தின்று முடிப்பார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். யாராவது பார்த்துவிட்டால், "புகைங்க" என்பார். கரியடுப்புக்குப் பக்கத்தில் நின்றால் எல்லார் கண்ணிலும்தான் தண்ணீர் வரும், அதனால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கூட்டம் வாயைப் பிளந்து பார்க்கும். வியாபாரம் ஜோராக நடக்கும். இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

அப்புறம் சாலையை அகலப்படுத்த வந்தார்கள். மாதக் கடைசிக்குள் ஓரத்து வண்டிகள் அத்தனையும் காலி செய்யவேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். என் கடைக்குச் சுவர் உண்டு, நான் தப்பித்தேன். அவருக்கு இருந்த ஒரே வழி, எதிரே இருக்கும் ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம். அதன் முற்றத்தில் ஒரே ஒரு தின்பண்டக் கடைக்கு இடம் தருவதாக இருந்தார்கள். விண்ணப்பம் போட்டு, நேரில் செய்துகாட்டித் தேறவேண்டும். தேறாவிட்டால் வண்டி பழைய இரும்புக்குப் போகும். அவர்கள் இருவருக்கும் வேறு தொழில் தெரியாது.

விண்ணப்பத்தை நிரப்பும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பதிமூன்று கேள்விவரை நல்லபடியாகப் போனது. பதினான்காவதில் மாட்டிக்கொண்டோம். காரத்தின் அளவை வாடிக்கையாளரிடம் எப்படிக் கேட்டறிவீர்கள் என்று இருந்தது.

"கேக்கமாட்டோம்னு எழுதுங்க தம்பி."

"அண்ணே, உங்களுக்கு இடம் வேணுமா வேணாமா?"

"உங்களுக்கு என்ன செய்யுதுன்னு டாக்டர் உங்ககிட்டயா கேக்குறாரு?"

"அதைத்தாண்ணே அவரு முதல்ல கேக்குறாரு."

"அப்ப அவன் டாக்டரே இல்ல. நீங்க எழுதுங்க."

அண்ணி கதிரை உரித்துக்கொண்டே, "கேட்டுப் போடுவோம்னு எழுதினா என்னங்க குறைஞ்சிடப்போவுது?" என்றார்.

"உனக்குத் தொழில் தெரியாது, சும்மா இரு."

அண்ணி சும்மா இருந்தார். அதில் அவருக்கு நல்ல அனுபவம் உண்டு. நான் தலையெழுத்தே என்று "முகம் பார்த்து" என எழுதிக் கொடுத்தேன்.

செய்துகாட்டும் நாளில் நானும் கூடப் போனேன். முற்றம் கண்ணாடிபோல் துடைத்து வைத்திருந்தது. கரி, விறகு எதுவும் கூடாது என்று மின்சார அடுப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். கட்டடத்தின் நிர்வாகி ஒரு பெண்மணி. இரண்டு உதவியாளர்களோடு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நம்மவர் அவர் முகத்தைப் பார்த்தார், இரண்டாவது டப்பாவில் எலுமிச்சையைத் தோய்த்தார், தேய்த்தார், நீட்டினார்.

நிர்வாகி கடித்தார். "பிரமாதமா இருக்கு. ஆனா எனக்கு இன்னும் காரம் வேணும்."

"உங்க முகம் அப்படிச் சொல்லலியே மேடம்."

இடம் தருகிறவரிடமே இவர் தன் வேலையைக் காட்டிவிட்டார். நிர்வாகி கதிரைக் கீழே வைத்துவிட்டு விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"கேக்காம குடுத்தா, சாப்பிட முடியாம போற ஆளுக்கு நாங்கல்ல பதில் சொல்லணும்? இந்த விஷயம் சரியா வரலைன்னா இடம் தர்றது கஷ்டம்."

"தப்பே வராது மேடம். சாட்சி காட்டவா?" என்று கேட்டுவிட்டு அவர் அண்ணியை முன்னால் இழுத்தார். நான்காவது டப்பாவைத் திறந்தார். அன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அப்பினார். அண்ணி வாங்கி, தலையைக் குனிந்துகொண்டு, எப்போதும்போல் வேகவேகமாகத் தின்றார். கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்தது.

"ஏம்மா அழுறீங்க?" என்றார் நிர்வாகி.

"புகைங்க" என்றார் அண்ணி.

நிர்வாகி மின்சார அடுப்பைப் பார்த்தார். நான் பார்த்தேன். முகஜோசியரும் பார்த்தார். அங்கே ஒரு ஊதுவத்தி அளவுக்குக்கூடப் புகை இல்லை.

முகஜோசியர் டப்பாவை மூடிவிட்டு அண்ணி பக்கம் திரும்பினார்.

"உனக்குக் காரம் பிடிக்கும்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பிடிக்கும்னு நீங்கதான் சொன்னீங்க."

"வேணாம்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"பத்துப் பேரைக் கூட்டி வெச்சு, நெருப்பை முழுங்குவான்னு சொல்லிட்டு நீட்டுறீங்க. அந்த இடத்துல வேணாம்னு சொன்னா, அப்புறம் உங்களை யாரு நம்புவா?"

"வீட்டுல சொல்லியிருக்கலாம்ல?"

"வீட்டுல நீங்க கேக்கலியே."

இந்த மனிதர் மூக்குடைபடும் நாளுக்காகத்தான் நான் பதினொரு வருடம் காத்திருந்தேன். வந்தது. ஆனால் சிரிப்பு வரவில்லை. அவர்மேல் கோபம் வந்தது, என்மேலும் வந்தது. தினம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்தானே நான்? எனக்குப் போனது வெறும் ருசி. அந்த அம்மாள் புருஷனுடைய வாய்ச்சவடால் பொய்யாகிவிடக் கூடாதென்று வாயைத் தினமும் எரித்துக்கொண்டிருக்கிறார்.

நிர்வாகி பேனாவைக் கையில் எடுத்தார். போச்சு, விண்ணப்பத்தை அடித்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுதவில்லை. "சரி, இப்பக் கேளுங்க" என்றார்.

ஆறு வயசுக் குழந்தைகூடக் கேட்டுவிடக்கூடிய கேள்விதான். நம் ஜோசியருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். மூன்றாவது தடவைதான் சத்தம் வந்தது.

"உனக்கு... எவ்வளவு காரம் வேணும்?"

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"தெரியலைங்க" என்றார்.

அதைக் கேட்டதும் முகஜோசியரின் முகம் போன போக்கைப் படிக்க ஜோசியம் எதுவும் தேவைப்படவில்லை. புதுக் கதிர் ஒன்றைச் சுட்டார். உப்பு மட்டும் தேய்த்துக் கொடுத்தார். அண்ணி ஒரு கடி கடித்து, சப்பென்று இருப்பதாகச் சொன்னார். அடுத்ததில் மிளகு. அது தொண்டையைக் கமறியது. அடுத்ததில் மூன்றாவது டப்பா. "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல பாதி போதும்" என்றார். உதவியாளர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். நிர்வாகி அவரைக் கையமர்த்திவிட்டு, நான் எழுதியிருந்த "முகம் பார்த்து" என்பதை அடித்து, மேலே "கேட்டு" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். இடம் கிடைத்துவிட்டது. நான் முழங்கையால் முகஜோசியரை இடித்துக் காட்டினேன். அவர் திரும்பவே இல்லை.

நான்காவது கதிருக்கு மூன்றாவது டப்பாத் தூளைப் பாதியளவு ஒரு தட்டில் கொட்டி, உப்பைக் கலந்து, தன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அழுத்தாமல் தேய்த்தார். இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார்.

"இது சரியா இருக்கா? இன்னும் குறைக்கவா? எலுமிச்சை பத்துமா?"

அண்ணி அங்கிருந்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கதிரை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்து, மெதுவாக முதல் வரிசையைக் கடித்தார்.

"கொஞ்சம் பேசாம இருங்க. சாப்பிட்டுட்டுச் சொல்றேன்."