பேய் கேட்டால் கொடுத்துவிட வேண்டும்

இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. மூன்று வருடங்களுக்கு முன் அங்கே ஒரு பேய்ப்படம் எடுக்க வந்தார்கள். படத்தில், கிணற்றில் விழுந்து செத்தவள் ஊர் மருமகள்களைப் பிடிக்கிறாள் என்பார்கள் ஊர்க்காரர்கள். அதெல்லாம் மனநோய் என்பார் பட்டணத்து டாக்டர். யார் சொல்வது சரி என்று கடைசிவரை சொல்லாமல் இழுத்தடிப்பார்கள். அதில் பேய் பிடித்த ஒருத்தியாக இரண்டு நிமிடம் வருவது நான்தான். நடிப்பைப் பார்த்தெல்லாம் எடுக்கவில்லை. இடுப்புவரை முடி இருந்தது, அவ்வளவுதான்.

அதற்கு நான்கு மாதம் முன்பு என் முதல் பிள்ளை இறந்தே பிறந்தது. எனக்கு மயக்கம் தெளிவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எங்கே புதைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. தாய்க்கு இடம் தெரிந்தால் அடுத்த பிள்ளை தங்காது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லாமல், ஆஸ்பத்திரிச் சீட்டையும் ஒளித்து வைத்துவிட்டார்கள். கணவரிடம் கேட்டேன், பேச்சை மாற்றினார். லீவு முடிந்து துபாய்க்குப் போய்விட்டார். மாமியாரிடம் கேட்டேன், மறந்துவிடு என்றார். எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரம். சோறு பொங்குவேன், துணி துவைப்பேன், வாய் மட்டும் திறக்கமாட்டேன். நாலு மனிதரைப் பார்த்தாலாவது தேவலை என்றுதான் மாமியார் என்னைப் படப்பிடிப்புக்கே அனுப்பினார்.

பேயோட்டும் காட்சி தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று கமுதிப் பக்கத்திலிருந்து நிஜக் கோடாங்கி ஒருவரையே டைரக்டர் அழைத்து வந்திருந்தார். அவர் உடுக்கை அடித்து மிரட்ட வேண்டும். நான் முடியை விரித்து ஆடி, ‘இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன்’ என்று கத்த வேண்டும். ஆனால் தொழில்முறை என்று ஒன்று இருக்கிறதே. பேய் கோழி கேட்கும், சேலை கேட்கும். கேட்டதைக் கொடுத்து அனுப்புவதுதான் அவருக்குத் தெரிந்த முறை. கேமராவை மறந்து உடுக்கையை நிறுத்தினார். என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“என்னத்தா வேணும்? கூசாமக் கேளு. குடுக்கச் சொல்றேன்.”

நான்கு மாதமாக என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. படித்து வைத்த வசனம் எங்கே போனதோ.

“எம்பிள்ளைய எங்கன பொதச்சீக? எனக்குக் காட்டுங்க.”

டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். கட் சொல்லவே இல்லை. படம் வந்தபோது என் வாயசைப்புக்கு வேறொருத்தி பழைய வசனத்தையே பேசியிருந்தாள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. இன்றைக்கும் அந்தக் கோடாங்கியை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கூட்டத்தில் நின்று மாமியாரும் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் ஒரு முழம் பூவோடு வந்து, கிளம்பு என்றார். எதற்கு என்று கேட்டேன்.

“பேய் வாய்விட்டுக் கேட்டுருச்சு. குடுக்காம விட்டா குடும்பத்துக்கு ஆகாது.”

அது நடிப்பு அத்தை என்றேன்.

“நடிப்போ என்னமோ. கேட்டாச்சுல்ல, வா.”

கண்மாய்க் கரையில் ஓர் உடைமரத்தடிக்குக் கூட்டிப் போனார். நாய் தோண்டாமல் இருக்க முள் வெட்டிப் போட்டிருந்தது. நான்கு மாதத்து முள் இல்லை. இரண்டொரு நாளுக்கு முன் வெட்டியது, இலை பச்சையாகவே இருந்தது. எனக்குத் தெரியாமல் அவர் வந்துகொண்டே இருந்திருக்கிறார். என் ஆத்திரமெல்லாம் அங்கேயே வடிந்துவிட்டது. பேய் வந்ததை அவர் உண்மையிலேயே நம்பினாரா, என்னை அழைத்துவர அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டாரா என்று நான் கேட்டதில்லை. எதுவாக இருந்தாலும் அவருக்கு நான் கடமைப்பட்டவள்.

முள்ளை விலக்கிவிட்டுப் பூவை வைத்தார்.

“பொம்பளப்பிள்ள. மூக்கு அப்படியே ஒன் மூக்கு. நாந்தான் ஆத்தா குளிப்பாட்டுனேன்.”

என் மகளைத் தொட்ட கை. அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.