அண்ணன் மகளைக் கூப்பிட்ட இடம்

அண்ணன் இறந்து முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகும் எனக்கு அழுகை வரவில்லை. மாத்தளை டவுனில் என் ரெக்கார்டிங் கடையைத் திறந்தேன், மூடினேன். யாராவது துக்கம் கேட்டால் தலையை ஆட்டினேன். மரத்துப் போயிருந்தேன்.

அண்ணன் மகளுக்குக் கட்டாரில் வேலை. சாவுக்கு வர லீவு கிடைக்கவில்லை. போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அப்பா தன்னைக் கூப்பிட்ட பழைய பதிவு. சின்ன வயதில் தேர்க் கூட்டத்தில் அவள் காணாமல் போன அன்று, மைக்கில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவள் அப்பாவேதான். ஊரார் பிள்ளைகளை நிதானமாகத் தேடிக் கொடுத்த மனுஷன், தன் பிள்ளை என்றதும் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டார். அன்று திருவிழாவை நான் எடுத்த அந்தப் பதிவு என் ஹார்ட் டிஸ்கில் இருந்தது.

அந்த இடத்தை மட்டும் எடுத்து, வழக்கம்போலச் சத்தத்தை உச்சிவரை ஏற்றி, எம்பி3 ஆக்கி அனுப்பினேன். இரத்தோட்டை பஸ்காரர்களுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுத்த பழக்கம். சத்தம் பத்தாவிட்டால் அவர்கள் கடையை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

“சித்தப்பா, அப்பா என் பேரைக் கூப்பிடுற எடம் மட்டும் கரகரங்குது.”

கேட்டுப் பார்த்தேன். உண்மைதான். எம்பி3 ஆகச் சுருக்கும்போது ஒலி அலைகள் கொஞ்சம் உருமாறும்; ஏற்கெனவே உச்சியைத் தொட்டு நிற்பவை எல்லை தாண்டித் தலை வெட்டுப்படும். விளிம்புவரை தண்ணீர் வைத்த பானை கொதித்தால் வழியாமல் என்ன செய்யும்? வெட்டுப்பட்டதைப் பிறகு குறைத்தால் கரகரப்புத்தான் மெதுவாகக் கேட்கும். நல்ல வேளை, அசலில் நான் கை வைக்கவில்லை. அதிலிருந்து மறுபடி எடுத்து, முதலில் சத்தத்தைக் குறைத்து, மேலே இடம் விட்டு மாற்றினேன். அவள் பெயர் இன்னும் லேசாகக் கீறியது. மேலும் குறைத்தேன். சுத்தமாக வந்தது. அண்ணன் குரலை அத்தனை தடவை கேட்டும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

அனுப்பியதும் கூப்பிட்டாள்.

“கரகரப்பு இல்ல, சித்தப்பா. ஆனா சத்தம் கொறைவா இருக்கே. அப்பா இப்படி மெதுவா கூப்பிட மாட்டாரே.”

“ஸ்பீக்கர்ல போட்டு நீயே கூட்டிக்கம்மா. இப்ப ஒடையாது.”

அவள் ஸ்பீக்கரை எடுத்து வைத்தாள். பிறகு அந்தப் பக்கம் அண்ணன் அவளைக் கூப்பிடுவது கேட்டது. திரும்பவும் கூப்பிட்டார், இன்னும் சத்தமாக. யாரோ கதவைத் தட்டினார்கள்.

“பக்கத்து ரூம்ல கொறைக்கச் சொல்றாங்க, சித்தப்பா.”

“கொறைக்காத,” என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.