ஸ்டேஷனிலேயே விட்டுவந்த ரிவால்வர்

செவ்வாய்க்கிழமை காலை பாகலூரிலிருந்து கிருஷ்ணப்பாவின் மனைவி லட்சுமம்மா போன் செய்தார். "அண்ணா, அவரு போயிட்டாருங்கண்ணா. கொத்தமல்லிக்குத் தண்ணி கட்டப் போனவரு, வரப்புலயே சாஞ்சுட்டாரு."

கிருஷ்ணப்பாவை அறிந்தவர்கள் அவரை இடுப்பு ரிவால்வரோடுதான் நினைத்துக்கொள்வார்கள். அது இல்லாமல் அவர் வாழ்ந்த கடைசி மூன்று ஆண்டுகளையும் அவர்கள் அறிய வேண்டும்.

ரிவால்வர் அவருடைய அப்பாவுடையது. வெள்ளைக்காரர் காலத்தில் வாங்கியது. உரிமம் முறையாக இருந்தது. தொழிற்சாலைகள் ஓசூரைத் தாண்டி வரத் தொடங்கியபோது, சாலையோரம் இருந்த அவருடைய நான்கு ஏக்கரைக் கேட்டுத் தரகர்கள் வந்தார்கள். அவர் மறுத்ததும் மிரட்ட ஆள் வந்தது. அன்றுமுதல் பால் ஊற்றப் போனாலும், பஸ் ஏறினாலும் தோல் உறை இடுப்பில் இருக்கும். அந்த ரகத் தோட்டா இப்போது கிடைப்பதில்லை. மிச்சமிருந்த ஆறும் பச்சை பூத்தவை. சுட்டால் வெடிக்குமா என்று கேட்டேன்.

"ஆறுல ரெண்டு வெடிக்கும் சார். எந்த ரெண்டுன்னு எனக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது. அவனுங்களுக்கும் தெரியாதில்ல, அது போதும்."

தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய சட்டமன்றத் தேர்தலின்போதும் ஒப்படைத்தார். பத்திரிகை நிருபரான நான் வழக்கம்போல அதைச் சிறு செய்தியாக்கி, ஒப்படைத்தவர்களின் பெயர்களையும் சேர்த்தேன். செய்தி வந்த மறுநாள் மாலை, வயலில் நான்கு பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

மருத்துவமனையில் வலது கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். "கையெழுத்துப் போடுன்னாங்க சார். போடற கையை மொதல்ல ஒடச்சுட்டு, அப்புறம் பேப்பரை நீட்டறானுங்க. இந்தப் புத்திக்கு நெலம் வேற கேக்குது."

"சிரிக்காதீங்க, கட்டு ஆடுது," என்று லட்சுமம்மா அதட்டினார். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தக் கை பிறகு சரியாகக் கூடவே இல்லை.

தேர்தல் முடிந்து மற்றவர்கள் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிச் சென்றார்கள். கிருஷ்ணப்பா போகவில்லை. "அது இருந்த வரைக்கும், இல்லாத நாளுக்குக் காத்திருந்தானுங்க. இனிமே எல்லா நாளும் இல்லாத நாள்தான். வரட்டும்," என்றார். நிலத்தை விற்கவில்லை. ஆனால் பைக் சத்தம் கேட்டால் இடது கை வெறும் இடுப்பைத் தடவும் என்று லட்சுமம்மா பின்னாளில் சொன்னார். பயம் அவரை விட்டுப் போகவில்லை. பயத்தோடுதான் தினமும் வயலுக்குப் போனார்.

மருத்துவமனையிலேயே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்ல எனக்கு ஓராண்டு ஆயிற்று. "அந்தச் செய்தியை நான்தான் எழுதினேன்."

"தெரியும் சார். உங்க பேப்பர்தான எங்க வீட்டுக்கு வருது." "எங்களுக்குன்னு எழுதறீங்க. அவனுங்களும்தான் படிக்கறானுங்க."

குரலில் கோபமே இல்லை. அவர் திட்டியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

அவரிடமிருந்து என்னோடு இருப்பது அந்தச் சொற்கள்தான். அடுத்த தேர்தலில் காவல் நிலையத்திலிருந்து, துப்பாக்கி ஒப்படைத்தவர்களின் பெயர்ப்பட்டியல் வந்தது. ஒவ்வொரு பெயராகப் படித்தேன். பிறகு நான்காக மடித்துக் கிழித்துப் போட்டேன்.