பலாப்பழ வாசனை வீசிய பேட்டரி

ஜூன் 14, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து பால் காய்ச்சினேன், செய்தித்தாள் படித்தேன், துணி உலர்த்தினேன். சனிக்கிழமைகளில் ஆய்வகத்துக்கு அரைநாள் போவேன், அன்று போகவில்லை. லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற திரவம் தீப்பிடிக்காமலிருக்க அதில் எதைச் சேர்க்கலாம் என்று சோதிப்பது எங்கள் வேலை. நெய்வேலியிலிருந்து தங்கை மலர் முந்தின நாள் போன் செய்திருந்தாள். "அவரு ஸ்கூட்டர்ல சார்ஜே நிக்க மாட்டேங்குது. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போண்ணா."

ஏழரைக்குக் கிளாம்பாக்கத்தில் கும்பகோணம் பேருந்தைப் பிடித்தேன். பண்ருட்டியில் சாலையின் இருபுறமும் பலாப்பழம். பேருந்துக்குள்ளும் அதே மணம். பன்னிரண்டு மணிக்கு நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கினேன். ஆட்டோ அறுபது ரூபாய்.

"மைன்ஸா, டவுன்ஷிப்பா?" என்றார் ஓட்டுநர்.

"ரெண்டுக்கும் வெளியே."

"அப்ப கான்ட்ராக்ட் ஆளு வூடு. அப்பிடிச் சொல்லுங்க."

ஒற்றை அறை, தகரக் கூரை. வெயிலில் உள்ளே அனலடித்தது. மலரின் கைக்குழந்தை தூளியில் தூங்கியது. அதற்கு நேர் கீழே, பிளக் பாயிண்ட் அருகில், பேட்டரி. அறை முழுக்க இனிப்பான வாசனை.

"பழம் எங்கே வெச்சிருக்க?" என்றேன்.

"முந்தாநாளே தீந்துபோச்சு. சீசனாச்சே, வாசனை போவவே மாட்டேங்குது."

மண்டியிட்டுப் பார்த்தேன். பேட்டரியின் ஒரு பக்கம் உப்பி, விளிம்பில் ஈரம் கசிந்திருந்தது. ஆய்வகத்தில் அன்றாடம் முகரும் எலக்ட்ரோலைட் வாசனைதான் அது. இந்த ஊரில், இந்த மாதத்தில், யாருக்கும் சந்தேகம் வராது. குழந்தையை வெளியே கொண்டுபோகச் சொன்னேன்.

காலையில் சார்ஜ் ஏறியிருக்காததால், மலரின் கணவர் குமார் அன்று மட்டும் வேறொருவர் வண்டியில் தொற்றிக்கொண்டு சுரங்கத்துக்குப் போயிருந்தார்; முதல் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தார். கசிவது தண்ணீரல்ல, ஒரு பொறி போதும் என்றேன்.

"பத்து நாளா ஓட்டிகினுதான் இருக்கேன் மச்சான். ஒண்ணும் ஆவல."

"ஆகிற அன்னிக்குச் சொல்லிட்டு ஆகாது."

"இது இல்லன்னா காலைல ஆறு மணிக்கு எப்பிடிப் போறது? அந்த நேரத்துக்கு பஸ்ஸு கெடயாதுங்க. ரெண்டு நாளு நான் போவலன்னா எடத்துல வேற ஆளு நிப்பான்." பிறகு கேட்டார்: "பத்திக்காத தண்ணி உங்க லேப்ல இருக்குன்னு மலரு சொன்னாளே?"

"இருக்கு. அத ஊத்துனா பேட்டரி சீக்கிரம் சோர்ந்துடுது. ரெண்டும் சேர்ந்து இன்னும் அமையல."

"எப்ப அமையும்?"

எனக்குத் தெரியவில்லை, அப்படியே சொன்னேன்.

வீட்டிலிருந்து தள்ளி, முள்வேலிக்கு அப்பால் குழி வெட்டி, காய்ந்த மணலில் பேட்டரியைப் புதைத்தோம். "வெறுங்கையோட வந்து என் வண்டிய பொதச்சிட்டாரு, நல்ல மச்சான்," என்றார் குமார். மலர் மட்டும் சிரித்தாள். இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. புதிய பேட்டரிக்கு நான் பணம் தருகிறேன் என்றேன், கைகழுவ எழுந்துபோனார்.

மறுநாள் விடிந்ததும் முள்வேலிப் பக்கம் போனேன். குழி வெறுமையாக இருந்தது. ஸ்கூட்டரையும் குமாரையும் காணவில்லை. மலரிடம் சொன்னேன். அவள் உள்ளே போய்ச் சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கி, அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வயரை இரண்டாக அறுத்தாள். அன்று அந்த வீட்டில் நடந்த முதல் வேலை அதுதான். அடுப்பு அதற்குப் பிறகுதான் பற்றவைத்தாள்.